சவாரிக்குக் காட்டிய ஊர்

கட்டட வேலையில் பத்து மணி டீக்கு எல்லோரும் சாந்துக் கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெயபிரியா அந்தப் போனை நீட்டினாள்.

"யக்கா, இது உங்க வீட்டுக்காருதான?"

பேச்சித்தாய் கையைத் துடைக்காமலே குனிந்து பார்த்தாள். அவர்தான். மணிமுத்து. அவள் கல்லில் அடித்து அடித்து நிறம் வெளுக்க வைத்த அதே காக்கிச் சட்டை. ஆனால் சட்டைக்குள் இருந்த ஆளை அவளுக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கையில் குடை. குடைக்குக் கீழே சுடிதார் போட்ட ஒரு பெண். குடை முழுக்க அவள் தலைக்கு மேல். மணிமுத்து சாரலில் நனைந்துகொண்டு நின்றார்.

"யாருட்டி இவ?"

"கொல்லத்துக்காரி. பேரு ஜெஸி. ஊரு ஊராப் போயி வீடியோ போடுவா. இது நம்ம தென்காசி. யாருக்கும் தெரியாத எடமாப் பாத்துப் போட்டுருக்கா. மூணு நாளும் இவருதான் கூட்டிக்கிட்டுப் போயிருக்காரு. வீடியோ பூரா மணி அண்ணன், மணி அண்ணன்னுதான் சொல்லுதா."

வீடியோ ஓடியது. விடியற்காலையில் தென்காசிக் கோயில் கோபுர வாசல். அங்கே காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். அந்தப் பெண்ணின் துப்பட்டா பறந்தது. "பாத்து வாங்க மேடம், ஒரு எட்டு வரைக்கும் முன்னால தள்ளும், அதுக்குப் பொறவு பின்னால தள்ளும்" என்று மணிமுத்துவின் குரல். பிறகு குற்றாலத்தில் சித்திர சபை. அருவிக்குக் கூட்டம் முண்டுகிற நேரத்திலும் அங்கே ஈ காக்கை இல்லை. சுவர் நிறைய மூலிகை வண்ணப் படங்கள். பிறகு சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திக் காடு. கடைசியாக வடகரை போகிற வழியில் ஒரு குளம். நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் கட்டைத் தாண்டி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் மலை. மறுகால் கட்டின் மேல் நின்று மணிமுத்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறார். அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்கிறாள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்த இடத்தில் பேச்சை எடுத்துவிட்டு ஒரு புல்லாங்குழலைப் போட்டிருந்தார்கள்.

"திரும்பப் போடுட்டி" என்றாள் பேச்சித்தாய்.

ஜெயபிரியா திரும்பப் போட்டாள். திரும்பவும் புல்லாங்குழல்தான்.

"வாயைத் திறக்கவே காசு கேக்குத மனுசன். இங்கன பாரு, எப்படிப் பேசுதாருன்னு."

"சவாரிக்காரங்ககிட்ட அப்படித்தான் யக்கா பேசணும்."

"ஒன்னையக் கேட்டனா?"

மேஸ்திரி எழுந்து கலவை மிஷினைப் போடச் சொன்னார். அன்றைக்கு மேல்தளம் கான்கிரீட். ஏணிப்படியில் நின்று சட்டியை வாங்கி மேலே கொடுக்கிற வேலை பேச்சித்தாய்க்கு. சட்டி வந்துகொண்டே இருந்தது. கை தானாக வாங்கித் தானாகக் கொடுத்தது. மனசு அந்த மறுகால் கட்டின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அழகியா? அழகிதான். வெயில் படாத கழுத்து. அதுகூடப் பெரிதில்லை. அழகான பெண்கள் அவர் ஆட்டோவில் ஏறாமலா இருப்பார்கள், சீசனில் வண்டி நிறைய அழகிகள்தான். இது வேறு. இவள் ஒருத்திக்கு அவர் ஊரைக் காட்டியிருக்கிறார். மூன்று நாள், குடை பிடித்து. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பேச்சித்தாயை அவர் கூட்டிக்கொண்டு போன இடங்களை எண்ண ஒரு கை விரல் போதும். அதில் ஆஸ்பத்திரியே இரண்டு விரல்.

சட்டியைத் தவறவிட்டாள். கீழே நின்ற ஆள் தப்பித்தான்.

"பேச்சி, என்ன நெனப்புல நிக்க? ஆளைக் கொல்லப் பாக்கியா?" என்று மேஸ்திரி கத்தினார்.

கொல்ல நினைத்த ஆள் அங்கே இல்லை.

சாயங்காலம் மணிமுத்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார். சாளைக் குழம்பு. பேச்சித்தாய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"கொல்லத்துக்காரி போயிட்டாளா?"

"எந்தக் கொல்லத்துக்காரி?"

"குடைக்காரி."

மணிமுத்து நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் வெட்கம்கூட வந்தது முகத்தில். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"வீடியோ பாத்தியா? ஸ்டாண்டுல எல்லாரும் அதைத்தான் பாக்கானுவ. இசக்கிதுரை அண்ணாச்சி நேத்து எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, பாத்துக்கோ. நல்ல பிள்ளை. ரெயிலேறிப் போயி ரெண்டு நாளாச்சி."

"மறுகால்ல நின்னு அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொன்னேன்? குளத்தைப் பத்திச் சொல்லிருப்பேன். இந்தக் குளம் இன்ன குளம், இங்கன கூழைக்கடா வரும்னு."

"அதுக்கா அவ வாயில கையை வச்சுக்கிட்டுக் கேட்டா?"

"ஏட்டி, சோத்தைப் போடு."

போட்டாள். குழம்பும் ஊற்றினாள். மீனை மட்டும் சட்டியிலேயே விட்டாள்.

"அந்த எடமெல்லாம் எனக்கு ஏன் காட்டல?"

"ஒனக்கா?" மணிமுத்துவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ இந்த ஊருக்காரிதானட்டி. ஒனக்கு என்னத்தைக் காட்ட? அந்த மறுகால் கட்டு ஒனக்குத் தெரியாத எடமா? நீ சட்டி சுமந்த எடம்."

"சட்டி சுமந்தேன். பாத்தனா?"

அவர் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

அவள் விடவில்லை. "சூரியகாந்திக் காட்டுல களை எடுத்தேன். பூ பூக்கதுக்கு முன்னால எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பூத்தப்பொறவு போயிப் பாக்க யாரு கூட்டிட்டுப் போனா? கோயில் வாசல்ல காத்து அடிக்குன்னு ஊரு ஒலகத்துக்கே தெரியும். நான் போறது விசேசத்துக்கு. கூட்டத்துல எந்தக் காத்து? ஞாயித்துக்கெழமை எனக்கு வேலை கெடையாது. அவளைக் கூட்டிட்டுப் போன எல்லா எடத்துக்கும் என்னையக் கூட்டிட்டுப் போகணும். அவ ஒக்காந்த எடத்துல, பின் சீட்டுல ஒக்காருவேன்."

"ஞாயித்துக்கெழமையா? கோட்டிக்காரி மாதிரிப் பேசுத. சீசன் ஞாயிறு. சாரல் நல்லா விழுது. அருவிக்கு வார கூட்டத்துல அன்னைக்கு ஓட்டுனாத்தான் உண்டு. சீசன் முடியட்டும்."

"சீசன் முடிஞ்சா தண்ணி இருக்காது. பூ இருக்காது. நான் மட்டும் இருப்பேன்."

"அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்று சிரித்துக்கொண்டே கை கழுவ எழுந்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணிமுத்து வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போன பிறகு பேச்சித்தாய் தலைக்குக் குளித்தாள். மகள் நிவேதா காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன பவுடரைப் போட்டாள். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டினாள். கண்ணாடியில் பார்த்தபோது கழுத்து வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே ஒரு நிறம். கொல்லத்துக்காரியின் கழுத்து ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு நேராக ரெயில்வே ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அந்த ஸ்டாண்டில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒன்று வரிசை. முதலில் நிற்கிற வண்டிதான் சவாரி எடுக்க வேண்டும், கடவுளே வந்து இரண்டாவது வண்டியில் ஏறினாலும் இறக்கிவிட்டுவிடுவார்கள். இன்னொன்று, ஸ்டாண்டு டிரைவர் வீட்டுப் பெண்களிடம் மற்ற டிரைவர் யாரும் காசு வாங்கக் கூடாது. காசு வாங்க மாட்டான் என்பதாலேயே வீட்டுப் பெண்கள் யாரும் இன்னொருவர் வண்டியில் ஏற மாட்டார்கள். மீறி ஒருத்தி ஏறி, காசையும் கொடுத்தாள் என்றால், அந்த வீட்டில் சண்டை முற்றிப் பானை உடைந்துவிட்டது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் பஞ்சாயத்துப் பேச நாலு பேர் வந்துவிடுவார்கள்.

பேச்சித்தாய் போனபோது முதல் வண்டி சமீருடையது. மணிமுத்து மூன்றாவதாக நின்றார். வண்டிக்குள் கால் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வண்டி வருமா?" என்றாள் சமீரிடம்.

"என்ன மதினி, அண்ணன் அங்கன நிக்காரு, பாக்கலியா?"

"பாத்தேன். நான் சவாரி. மொதல்ல நிக்க வண்டியிலதான ஏறணும்? சித்திர சபைக்குப் போகணும். அங்கேருந்து வடகரைக் குளம். அப்புறம் சுந்தரபாண்டியபுரம். நின்னு கூட்டிட்டு வரணும். காசு குடுப்பேன்."

காசு என்ற சொல் விழுந்ததும் ஸ்டாண்டு முழுக்கத் தலை திரும்பியது. வேப்ப மரத்தடியில் நின்றிருந்த இசக்கிதுரை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அந்த ஸ்டாண்டுக்கு அவர்தான் தலைவர்.

"என்ன தாயி, வீட்டுல ஏதும் சங்கடமா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஊரு சுத்திப் பாக்கப் போறேன்."

மணிமுத்து பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "ஏட்டி, என்ன இது கூத்து? வா, நம்ம வண்டியில ஏறு. போவோம்."

"உங்க வண்டி மூணாவதுல்லா நிக்கி."

"இருந்தா என்ன?"

"வரிசை என்னாகும்?" என்றாள். இசக்கிதுரையைப் பார்த்தாள். "சொல்லுங்க அண்ணாச்சி."

இசக்கிதுரை தாடையைச் சொறிந்தார். போன வாரம்தான் வரிசையை மீறியவனை ஒரு நாள் வெளியே நிறுத்தியிருந்தார். மணிமுத்துவின் முகத்தைப் பார்க்காமல், "வரிசை வரிசைதான்லே மணி. ஏலே சமீர், வண்டியை எடு" என்றார்.

இரண்டாவது வண்டிக்காரன் விசில் அடித்தான். "மணி அண்ணே, கொல்லத்துக்கு ஒரு போன் போடுங்க. மேடம் வந்து சமாதானம் பேசட்டும்."

பேச்சித்தாய் பின் சீட்டில் நடு மத்தியில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியபோது திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே மணிமுத்துவின் முகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ஐந்து நாளாக எரிந்த வயிற்றில் கொஞ்சம் மோர் ஊற்றினது போலிருந்தது.

குற்றாலத்துக்குள் நுழைய முடியவில்லை. அருவிக்குப் போகிற வழியெல்லாம் துண்டும் வாளியுமாகக் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகள் பஸ்ஸுக்கு வழிவிடாமல் நடந்தன. சமீர் சந்து வழியாக வண்டியை விட்டுச் சித்திர சபை வாசலில் நிறுத்தினான்.

"போயிப் பாருங்க மதினி. நான் இங்கன நிக்கேன்."

"உள்ள என்ன இருக்கு, எதைப் பாக்கணும்னு சொல்ல மாட்டியா?"

"நான் உள்ள போனதில்ல மதினி. வாசல் வரைக்கும்தான் நம்ம சவாரி."

அவள் தனியாகப் போனாள். சுவரிலெல்லாம் ஆட்கள், குதிரைகள், சாமிகள், ராணிகள். பூச்சு வேலையைத்தான் முதலில் பார்த்தாள். பழகிய கண். பிறகு படங்களைப் பார்த்தாள். ஒரு ராணி யாரையோ பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்து, என்ன கோபம்? அதைச் சொல்ல ஆள் இல்லை. கொல்லத்துக்காரிக்குச் சொல்லியிருப்பார். இந்த இடத்தில் நின்று, இந்த ராணியைக் காட்டி, ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார். உண்மையோ புளுகோ, சொல்லியிருப்பார். இடம் அழகாக இருக்க இருக்க அவளுக்கு ஆத்திரம் கூடியது. இவ்வளவு அழகா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்தது! இத்தனை வருஷம் இதைத் தாண்டித்தானே ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் கட்டுகிற வேலைக்கு வேனில் போய்வந்தாள்.

நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். "குளத்துக்குப் போ தம்பி" என்றாள்.

குளத்துக் கரையில் ஏற்கெனவே ஒரு ஆட்டோ நின்றது. மணிமுத்துவின் வண்டி.

சமீர் சிரித்தான். "இப்ப எல்லாரும் அந்த வீடியோவைக் காட்டித்தான் வண்டி கேக்காங்க மதினி. வரிசை வந்ததும் சவாரி கெடைச்சிருக்கும். நேரா இங்கன கூட்டிட்டு வந்துட்டாரு."

பேச்சித்தாய் இறங்கிப் பனை மர வரிசைக்குப் பின்னால் நடந்தாள். மறுகால் இரைச்சல் கேட்டது. குளம் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மலை அப்படியே தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளைக் கொக்குகள் கட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கட்டைப் போட்டபோது குளம் வறண்டு கிடந்தது. அவளுக்கு ஞாபகம் இருப்பது வெயிலும், கழுத்து எலும்பு இறங்கிப்போன வலியும், ஒதுங்க மறைவில்லாமல் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு கிடந்ததும்தான். மணிமுத்து அப்போது ஜல்லி ஏற்றிவருகிற டிராக்டருக்கு டிரைவர்.

கட்டின் ஓரத்தில் மணிமுத்து நின்றார். எதிரே மதுரைக்காரத் தம்பதி. அந்தப் பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இங்கே புல்லாங்குழல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இந்தக் கட்டு இருக்கே மேடம், இதுல கெடக்க ஜல்லியில பாதி எங்க வீட்டுக்காரி சுமந்தது. நான் டிராக்டர்ல கொண்டாந்து தட்டுவேன். அவ சட்டியில அள்ளிக்கிட்டுப் போவா. நெறையப் பொம்பளைங்க சுமந்தாங்க. ஆனா நம்ம கண்ணு அங்கதான் போவும்."

"லவ் மேரேஜா அண்ணே?" என்றாள் மதுரைக்காரி.

"அப்படி வச்சுக்கிடுங்களேன்."

பேச்சித்தாய் பனையோடு ஒட்டி நின்றாள். இதைத்தானா சொன்னார்? இதற்குத்தானா கொல்லத்துக்காரி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்? கல்யாணமே பெரியவர்கள் பேசி முடித்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதற்கு முன்னால் அவர் தன்னை ஆசையாகப் பார்த்ததாக ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டாள். கொல்லத்துக்காரி மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, அவளுக்கு நல்ல மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் கொடுக்கலாம் போலிருந்தது.

மணிமுத்து கையை நீட்டினார்.

"அந்தா அந்த எடம். தலையில சட்டி. பாரத்துக்கு மத்தவளுவல்லாம் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போவாளுவ. இவ மட்டும் பாட்டுப் படிச்சுக்கிட்டே போவா மேடம். என்ன கொரலுங்கீய! நான் டிராக்டர் இஞ்சினை அமத்திப் போட்டுக் கேப்பேன். அந்தப் பாட்டுலதான் விழுந்தேன்."

பேச்சித்தாயின் கை மரத்திலிருந்து இறங்கியது.

அவள் பாட்டுப் படித்ததில்லை. நிவேதாவுக்குத் தாலாட்டுக்கூடப் பேச்சித்தாயின் ஆத்தாதான் படித்தாள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போன கூட்டத்தில்தான் அவள் இருந்தாள். பாட்டுப் படித்தவள் மாரித்தாய். சிவகிரிக்கு வாக்கப்பட்டுப் போனவள். சட்டி தலையில் ஆடாமல், இடுப்பை ஆட்டிக்கொண்டு போவாள். மேஸ்திரிகூட அவளைத் திட்ட மாட்டார்.

பனைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

மணிமுத்து பார்த்துவிட்டார். நீட்டின கை அப்படியே நின்றது.

"அப்புறம் என்னாச்சி அண்ணே?" என்றாள் மதுரைக்காரி, போனை இறக்காமல்.

"ஆமா, அப்புறம் என்னாச்சி? நானும் கேக்கத்தான் வந்தேன்" என்றாள் பேச்சித்தாய்.

"ஏட்டி... நீ எப்ப வந்த?"

"பாட்டுல விழுந்தப்ப வந்தேன்."

மதுரைக்காரிக்குப் பிடிபட்டுவிட்டது. "ஐயோ, அக்கா, நீங்கதானா அது? ஒரு பாட்டு பாடுங்கக்கா. இந்தக் கட்டு மேல நின்னு. ப்ளீஸ்க்கா."

"நான் பாட்டுப் படிக்க மாட்டேன் தாயி. இவரு சொல்லுதது வேற ஆளு."

மதுரைக்காரியின் புருஷன் மெதுவாகப் போனை வாங்கி அணைத்தான். மணிமுத்து பேச்சித்தாயைப் பனையடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"மானத்தை வாங்காத. என்ன வேற ஆளு? உன்னையத்தான் சொன்னேன்."

"பாட்டுப் படிச்சது யாரு?"

"நீதான்."

"நான் படிக்கல. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, என்னைக்காவது நான் படிச்சுக் கேட்டுருக்கீங்களா? வீட்டுல? கொளத்துல? எங்கயாவது?"

மணிமுத்து யோசித்தார். அவர் நிஜமாகவே யோசித்தார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"யாரோ படிச்சா" என்றார் கடைசியில். "யாரா இருந்தா என்ன? கேளு பேச்சி. சவாரிக்காரங்ககிட்ட, சட்டி சுமந்தா, இடுப்பு ஒடிஞ்சுதுன்னா சொல்ல முடியும்? அதைக் கேக்கவா அவ்வளவு தூரத்துலேருந்து வாராங்க? ஒரு பாட்டு இருந்தா நின்னு கேக்காங்க. அதான் சேத்துக்கிட்டேன்."

"சேத்துக்கிட்டீங்க. யாரு பாட்டை? மாரித்தாய் பாட்டை. இஞ்சினை அமத்திப் போட்டுக் கேட்டீங்களே, அதுவும் சேத்ததா, நடந்ததா?"

அவர் கட்டின் மேல் இருந்த கொக்குகளைப் பார்த்தார். மறுகால் இரைந்தது.

"பாட்டுப் படிச்சவளத்தான் கெட்டிக்கிட்டேன்னு ஊரெல்லாம் உன்னையத்தானட்டி சொல்லிக்கிட்டு இருக்கேன். அது ஒனக்குப் பெருசாத் தெரியலியா?"

தெரிந்தது. அதுதான் சங்கடம். அவர் கதையில் வருகிற அந்தப் பெண்டாட்டியை அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பாரம் தெரியாதவள். வலி இல்லாதவள். குரலுள்ளவள். அவளுக்காக ஒருவன் இஞ்சினை நிறுத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கொல்லத்துக்காரியாவது ரெயிலேறிப் போய்விட்டாள். மாரித்தாயாவது சிவகிரியில் கிடக்கிறாள். கதையில் வருகிற இவள் எங்கே போவாள்? இவள் தினமும் அவர் வண்டியில் முன் சீட்டிலேயே அல்லவா உட்கார்ந்து வருகிறாள்.

"அண்ணே, போலாமா? அடுத்து சன்பிளவர் தானே?" என்று மதுரைக்காரப் புருஷன் பயந்துகொண்டே கூப்பிட்டான்.

"வாரேன் சார், ஒரு நிமிசம்." மணிமுத்து குரலைத் தாழ்த்தினார். "நீயும் வா. முன்னால என்கூட ஒக்காரு. சேந்து போவோம். அந்தப் பையன் திரும்பட்டும்."

"நான் அவன் சவாரி. ஏறுன வண்டியிலதான் எறங்கணும். உங்க ஸ்டாண்டுக் கட்டுப்பாடு."

கரையிலிருந்து இறங்கினாள். பாசி வழுக்கியது. பின்னாலிருந்து "பாத்துப் போட்டி" என்று ஒரு சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. விழவும் இல்லை. ஈரக் கல்லில் சட்டியோடு நடந்த கால்.

சமீர் சீட்டில் சாய்ந்து கிடந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, "வீட்டுக்கா மதினி?" என்றான்.

"எதுக்கு வீட்டுக்கு? சூரியகாந்திக் காடு பாக்கணும்னு சொன்னேனா இல்லியா?" பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் விடு. அவரு வாரதுக்குள்ள போயி நிக்கணும்."

"அவரு வந்தா என்ன மதினி?"

"அந்தக் காட்டுலயும் நான் களை எடுத்துருக்கேன் தம்பி. இங்கன நான் பாட்டுப் படிச்சேன்னாரு. அங்கன யாரு ஆடுனான்னு சொல்லுதாருன்னு கேக்கணும்ல?"

சமீர் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்தான். பின்னால், கரை மேலே, மணிமுத்து தன் சவாரிக்காரர்களை அவசரப்படுத்தி ஏற்றுகிற சத்தம் கேட்டது.